செஸ்டர்ஃபீல்டு தேவாலயத்தின் முறுக்கிய கூம்பு: எந்த விளக்கத்தை நம்புவது?

கேள்வி – நெய்தல்வாணன்

இங்கிலாந்தின் டார்பிஷையரில் உள்ள செஸ்டர்ஃபீல்டு நகரத்துப் பங்குத் தேவாலயத்தைப் பற்றி உறுப்பினர்களிடம் சில ஐயங்களைக் கேட்க விரும்புகிறேன். புனித மரியாளுக்கும் சகல பரிசுத்தவான்களுக்கும் அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தின் கூம்பு, லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ஷெஃபீல்டு நோக்கிச் செல்லும் ரயிலின் ஜன்னல் வழியாகவே தெளிவாகத் தெரிகிறது. தரையிலிருந்து 228 அடி உயரமுள்ள அந்தக் கூம்பு ஏறத்தாழ 45 பாகை முறுக்கிக்கொண்டிருப்பதோடு, உச்சி தன் நடுக்கோட்டிலிருந்து 9 அடி 6 அங்குலம் விலகியும் நிற்கிறது.

இதற்கான காரணத்தைத் தேடினால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விளக்கம் கிடைக்கிறது. கொள்ளைநோயில் நல்ல தச்சர்கள் இறந்துபோனார்கள் என்கிறார்கள் சிலர். பச்சை மரத்தைப் பயன்படுத்தினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். ஈயத்தகட்டின் எடை என்றும் வெயில் என்றும் மற்றவர்கள் சொல்கிறார்கள். இவற்றுள் எதற்கு வலுவான அடிப்படை உண்டு என்பது என் முதல் ஐயம். கூம்பைத் தவிர மற்றக் கட்டடத்தைப் பற்றி யாரும் அதிகமாக எழுதுவதில்லை. அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது, யாருடைய பணத்தில் எழுந்தது என்பது இரண்டாவது. இவ்வளவு பெரிய கட்டடம் ஏன் பேராலயமாக உயர்த்தப்படாமல் பங்குத் தேவாலயமாகவே இருக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி – தச்சன்மகன்

நண்பர் நெய்தல்வாணன் அவர்களுக்கு, கட்டமைப்புப் பொறியியல் சார்ந்த உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கீழே இருக்கும் சதுர மணிக்கோபுரம் கல்லால் ஆனது, அது முறுக்கவில்லை. அதன் மேல் சுமார் 1362-ல் எழுப்பப்பட்ட எண்கோணக் கூம்பு ஓக் மரச்சட்டங்களால் ஆனது, வெளிப்புறத்தில் ஈயத்தகடு போர்த்தப்பட்டது. கல் கூம்பாக இருந்திருந்தால் இந்த அளவு உருமாற்றத்துக்கு முன்பே இடிந்து விழுந்திருக்கும். மரம் வளைந்து கொடுக்கும் பொருள் என்பதால்தான் இந்தக் கூம்பு கோணலானது. அதே காரணத்தால்தான் இன்றும் நிற்கிறது.

பச்சை மரம் என்ற விளக்கத்தைப் பலரும் தச்சர்களின் அலட்சியம் என்ற பொருளில் சொல்கிறார்கள். அது சரியன்று. இடைக்கால இங்கிலாந்தில் பெரிய சட்டகங்கள் எல்லாமே பெரும்பாலும் பச்சை ஓக்கில்தான் செய்யப்பட்டன. காய்ந்த ஓக் மிகக் கடினமானது. கோடரியாலும் உளியாலும் அதில் பொளி வெட்டுவது பெரும்பாடு. எனவே மரத்தை வெட்டிய சில மாதங்களிலேயே செதுக்கி, கழுந்தை (கட்டையின் நுனியில் செதுக்கிய நாக்கு) மற்றக் கட்டையின் துளையில் பொருத்தி, மர ஆணி அடித்து நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்திலேயே காயட்டும் என்று விடுவார்கள். காயும்போது ஓக் தன் இழைக்குக் குறுக்காகக் கணிசமாகச் சுருங்கும்; நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது. ஆகவே கட்டை நீளத்தில் குறைந்து கூம்பு சாய்ந்தது என்று சொல்ல இடமில்லை. சுருக்கத்தின் உண்மையான விளைவு மூட்டுகளில்தான் தெரியும்: கழுந்து மெலிந்து துளை தளர்கிறது.

தளர்ந்த மூட்டுகளால் மட்டும் ஒரு கூம்பு முறுக்கிவிடாது. இந்த இடத்தில்தான் மூலைவிட்டக் கட்டைகளின் பங்கு வருகிறது. நான்கு மூலைகளிலும் ஆணி தளர்ந்த ஒரு ஜன்னல் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்சதுரமாகிவிடும். மூலைக்கு மூலை ஒரு கட்டை அடித்துவிட்டால் அசையாது. செஸ்டர்ஃபீல்டு கூம்பின் எட்டு முகங்களிலும் இத்தகைய குறுக்குப் பிணைப்பு போதுமான அளவில் இல்லை. ஒரு முகம் சாய்சதுரமாகத் திரும்பத் தொடங்கினால், அடுத்த முகத்தையும் அதே திசையில் இழுத்துக்கொண்டு போகும். எட்டு முகங்களும் ஒரே பக்கமாகச் சாய்வதன் மொத்த விளைவுதான் முறுக்கம். சாய்வை மட்டும் விளக்குகிற கோட்பாடுகளுக்கும் முறுக்கத்தையும் சேர்த்து விளக்குகிற இந்தக் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பதால், பிணைப்புக் குறைவையே நான் முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன்.

அடுத்தது எடை. கூம்பின் மீதுள்ள ஈயம் சுமார் 33 டன் என்று கணக்கிடப்பட்டுள்ளது. தொடக்கத்தில் கூம்பை மரச்சில்லுகளே மூடியிருந்தன என்றும், ஈயம் பின்னாளில்தான் வந்தது என்றும் இப்போது பரவலாகக் கருதப்படுகிறது. அப்படியானால், தச்சர்கள் கணக்கில் கொள்ளாத ஒரு பெருஞ்சுமையைப் பின்வந்த தலைமுறையினர் அந்தச் சட்டகத்தின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஈயத்துக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. வெப்பத்தில் அது பிற உலோகங்கள் பலவற்றைவிட அதிகமாக விரிவடையும். வெப்பநிலை 50 பாகை உயர்ந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். இழைவாக்கில் ஓக் விரிவது அதில் ஒரு சிறு பகுதியே. தவிர, சாதாரண வெப்பநிலையிலேயே ஈயம் தன் எடையால் மெல்ல மெல்ல ஊர்ந்து இறங்கும். வெயில் தெற்கு முகங்களில் நாளெல்லாம் படுகிறது; வடக்கு முகங்கள் நிழலில் இருக்கின்றன. பகலில் விரிந்த தகடு இரவில் குளிரும்போது மேல்நோக்கித் திரும்புவதில்லை, ஏனெனில் அதன் எடை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. கூம்பு தென்மேற்குப் பக்கமாகச் சாய்ந்திருப்பது இந்த வாதத்துடன் பொருந்துகிறது.

இறுதியாக ஒரு சிறு குறிப்பு. தகடுகளை மீன்முள் போலச் சாய்வாகப் பதித்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முகமும் நடுவில் மடிந்து இரண்டு தளங்களாக இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அவை தட்டையானவை. கண்ணுக்குத் தெரியும் முறுக்கத்தில் ஒரு பங்கு இந்தத் தோற்றத்தால் கூடியது.

மறுமொழி – பழங்கல்

தச்சன்மகன் அவர்களின் விளக்கம் நிறைவாக உள்ளது. கட்டடத்தின் பிற பகுதிகளைப் பற்றி நான் எழுதுகிறேன். நெய்தல்வாணன் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘யாருடைய பணத்தில்’ என்பதுதான்.

நார்மானியர் ஆட்சிக்காலத்தில் இரண்டாம் வில்லியம் மன்னர் செஸ்டர்ஃபீல்டு தேவாலயத்தை அதன் வருமானத்தோடு லிங்கன் பேராலயத்தின் டீனுக்கு, அதாவது அதன் தலைமைக் குருவுக்கு, வழங்கினார். இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், பங்கு மக்கள் செலுத்திய தசமபாகத்தில் பெரும்பகுதி தொலைவில் இருந்த ஒரு பதவிக்குப் போய்ச்சேர்ந்தது. ஊரில் வழிபாடு நடத்த விகார் எனப்படும் ஒரு பதிலாள் குரு நியமிக்கப்பட்டார். இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமை தசமபாகம் பெறுகிறவருடையது. மக்கள் நிற்கும் நடுக்கூடம் மக்களின் பொறுப்பு. பல ஊர்களில் சிறிய, எளிய பலிபீடப் பகுதிக்கு முன்னால் ஒரு பெரிய நடுக்கூடம் நிற்பதை நீங்கள் கண்டிருந்தால், இந்தக் கடமைப் பிரிவினையை நினைவில் கொள்ளுங்கள்.

செஸ்டர்ஃபீல்டில் கிழக்குப் பகுதியும் சிறுத்துப்போகவில்லை. அதற்குக் காரணம் நகரத்தின் செல்வம். 1204-ல் ஜான் மன்னரிடமிருந்து சந்தை நடத்தும் உரிமை பெற்ற அந்த ஊர் ஆட்டு ரோமம், தோல், ஈயம் ஆகியவற்றின் வணிகத்தில் வளர்ந்தது. மேற்கே இருக்கும் பீக் மலைப்பகுதி இங்கிலாந்தின் முதன்மையான ஈயச் சுரங்கப் பகுதிகளுள் ஒன்று. கூம்பின் மீது அவ்வளவு ஈயம் ஏறியதற்கு அது அருகிலேயே கிடைத்ததும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டு ரோம வணிகத்துக்கும் தேவாலயத்துக்கும் உள்ள நெருக்கத்தை ஒரு பழைய செய்தி காட்டுகிறது. மூன்றாம் ஹென்றி மன்னரை எதிர்த்துக் கிளர்ந்த டார்பி பிரபு ராபர்ட் டி ஃபெரர்ஸ், 1266-ல் செஸ்டர்ஃபீல்டில் தோற்றபோது, தேவாலயத்துக்குள் ரோம மூட்டைகளின் நடுவே ஒளிந்திருந்து பிடிபட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மூட்டைக்குள் ஒளிந்தது கதையாகவே இருக்கலாம். ஆனால் தேவாலயத்தில் வணிகச் சரக்கு அடுக்கியிருப்பது அக்காலத்தவருக்கு வியப்பாகப் படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். சிலுவை வடிவத் தரையமைப்பு, நடுவில் கோபுரம், வடக்கிலும் தெற்கிலும் குறுக்குக்கூடங்கள், கிழக்கே பலிபீடப் பகுதியை ஒட்டிப் பல சிற்றாலயங்கள் என்பது இதன் அமைப்பு. கோபுரத்தைத் தாங்கும் தூண்கள் மிகப் பழமையானவை. அவற்றை 1234-ம் ஆண்டோடு தொடர்புபடுத்துகிறார்கள். கட்டடத்தின் பெரும்பகுதி 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆங்கிலக் கட்டடக்கலையில் ‘டெக்கரேட்டட்’ என்று அழைக்கப்படும் பாணி அந்த நூற்றாண்டின் முற்பாதியிலும், ‘பெர்பெண்டிகுலர்’ என்னும் பாணி அதன் பின்னரும் ஓங்கின. நேரில் பார்க்கும்போது ஜன்னல்களின் மேற்பகுதியில் உள்ள கல் பின்னலைக் கவனித்தால் வேறுபாடு புலப்படும். முந்தைய பாணியில் கற்கோடுகள் கொடிபோல வளைந்தோடும். பிந்தைய பாணியில் அவை அடியிலிருந்து உச்சிவரை நேர்க்கோடுகளாக எழுந்து, ஜன்னலைச் செவ்வகக் கட்டங்களாகப் பிரிக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஜன்னலின் வயதை வைத்துச் சுவரின் வயதைச் சொல்லிவிடக் கூடாது. பழைய சுவரில் புதிய ஜன்னலைத் திறப்பது எல்லா நூற்றாண்டுகளிலும் நடந்திருக்கிறது.

சிற்றாலயங்கள் நகரத்தின் கில்டுகளோடு தொடர்புடையவை. கில்டு என்றால் வெறும் தொழிற்சங்கம் அன்று. உறுப்பினர்கள் பணம் திரட்டி, ஒரு குருவுக்குச் சம்பளம் கொடுத்து, இறந்துபோன உறுப்பினர்களின் ஆன்மாவுக்காகத் தொடர்ந்து திருப்பலி நிறைவேற்றச் செய்தார்கள். அதற்கென்று தனிப் பீடமும் இடமும் தேவைப்பட்டன. கிழக்குப் பகுதி இத்தனை அறைகளாகப் பெருகியது அதனால்தான். 1547-ல் ஆறாம் எட்வர்டு மன்னரின் ஆட்சியில் வந்த சட்டம் இத்தகைய அறக்கட்டளைகளைக் கலைத்து, சொத்துகளை அரசுடைமையாக்கியது. பீடங்கள் போயின, இடம் மட்டும் எஞ்சியது. அந்த இடத்தை நிலக்கிழார் குடும்பங்கள் தங்கள் கல்லறைகளுக்குப் பயன்படுத்திக்கொண்டன. மரியாள் சிற்றாலயத்தில் ஃபோல்ஜாம் குடும்பத்தின் அலபாஸ்டர் (வெண்ணிற மென்கல்) கல்லறைகள் இருக்கின்றன. நான் கேட்டால், கூம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிற பயணிகள் தவறவிடுகிற மிகச் சிறந்த கலைப்படைப்பு அவைதான் என்பேன்.

1843-ல் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தத் தேவாலயத்தைப் புதுப்பித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. பிற்காலத்தில் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் முகப்பில் நிற்கும் பெரிய விடுதியைக் கட்டியவரும் அவரே. ஆகவே நெய்தல்வாணன் குறிப்பிட்ட ரயில் பயணத்தின் இரு முனைகளிலும் ஸ்காட்டின் கை இருக்கிறது. விக்டோரியா காலத்துப் புதுப்பித்தல்கள் பல தேவாலயங்களின் பிற்கால அடுக்குகளைத் துடைத்தெறிந்தன என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு என்றாலும், அவை இல்லாமல் பல கூரைகள் இன்று இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

பேராலயம் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. பேராலயம் என்பது பேராயரின் ஆசனம் இருக்கும் தேவாலயம். அளவுக்கும் அழகுக்கும் அதில் இடமில்லை. டார்பிஷையர் நெடுங்காலம் லிச்ஃபீல்டு திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் நிர்வாகப் பகுதி) இருந்தது. 1884-ல் சவுத்வெல் திருமண்டலத்தோடு சேர்ந்தது. 1927-ல் தனித் திருமண்டலம் உருவானபோது டார்பி நகரின் சகல பரிசுத்தவான்கள் தேவாலயம் பேராலயமானது. மாவட்டத்திலேயே பெரிய தேவாலயம் செஸ்டர்ஃபீல்டில் இருந்தும், ஆசனம் தலைமை நகரத்துக்குப் போனது.

மறுமொழி – ஷெஃபீல்டுவாசி

இரு நண்பர்களின் விளக்கங்களும் பயனுள்ளவை. தச்சன்மகன் அவர்களிடம் ஒரு மாற்றுக்கருத்தை முன்வைக்கிறேன். வெயிலும் ஈயமும்தான் காரணம் என்றால், ஈயம் போர்த்திய மற்றக் கூம்புகளும் இதே அளவு முறுக்கியிருக்க வேண்டும் அல்லவா? லிங்கன்ஷையரின் லாங் சட்டன் ஊரில் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக்கூம்பு ஒன்று ஈயம் போர்த்தி நிற்கிறது. அதில் இப்படிப்பட்ட முறுக்கம் இல்லை. டெவனில் உள்ள பார்ன்ஸ்டபிள் கூம்போ முறுக்கியிருக்கிறது. ஒரே வெயில், ஒரே உலோகம், வெவ்வேறு விளைவு. ஆகவே வெயிலைத் துணைக்காரணமாக மட்டுமே கொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

ஊர்க்கதைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் இரண்டை மட்டும் பதிவு செய்கிறேன். அருகிலுள்ள போல்சோவர் ஊரின் கொல்லன் ஒருவன் சாத்தானுக்கு லாடம் கட்டும்போது ஆணியைக் காலில் இறக்கிவிட்டானாம். வலி பொறுக்காமல் துள்ளிப் பறந்த சாத்தான் கூம்பை உதைத்துவிட்டுப் போனானாம். மற்றொரு கதையின்படி, ஒரு நாள் உண்மையிலேயே கன்னியான மணப்பெண் ஒருத்தி திருமணத்துக்கு வந்ததைக் கண்டு கூம்பு வியந்து திரும்பிப் பார்த்ததாம். இன்னொருத்தி வந்தால் நிமிர்ந்துகொள்ளுமாம். இந்த இரண்டாவது கதையைச் சொந்த ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கோணலை அவர்கள் குறையாக நினைப்பதில்லை. நகரத்தின் கால்பந்து அணிக்கே கூம்பின் பெயரால் ‘ஸ்பயரைட்ஸ்’ என்ற பட்டப்பெயர் வழங்குகிறது.

1961 டிசம்பர் 22 அன்று நடந்த தீ விபத்தையும் குறிப்பிட வேண்டும். வடக்குக் குறுக்குக்கூடத்தில் பற்றிய தீயில், ஜான் ஸ்னெட்ஸ்லர் 1756-ல் செய்த ஆர்கன் இசைக்கருவி அழிந்தது. ஈயம் 327 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். உள்ளே இருப்பதோ அறுநூறு ஆண்டுகள் காய்ந்த ஓக். தீ கோபுரத்துக்குள் ஏறியிருந்தால் இன்று இந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. லண்டனின் பழைய புனித பவுல் பேராலயம் 1561-ல் இடி விழுந்து தன் மரக்கூம்பை இழந்தது இவ்வாறுதான். செஸ்டர்ஃபீல்டில் தீயணைப்பு வீரர்கள் தீயைக் குறுக்குக்கூடத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது உள்ள ஆர்கன் லூயிஸ் நிறுவனம் செய்தது. கிளாஸ்கோ நகர மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டது.

செல்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ரயில்வேத் தந்தை ஜார்ஜ் ஸ்டீவன்சனின் கல்லறையைப் பலர் இந்தத் தேவாலயத்தில் தேடுகிறார்கள். 1848-ல் அவர் அடக்கம் செய்யப்பட்டது அதே நகரின் பரிசுத்த திரித்துவ தேவாலயத்தில்.

நெய்தல்வாணன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு தொடர் ஐயங்கள். கொள்ளைநோயில் திறமையான தச்சர்கள் மறைந்துபோனதால்தான் பிணைப்புக் கட்டைகள் விடுபட்டன என்று கொள்ளலாமா? இன்றைய தொழில்நுட்பத்தைக் கொண்டு கூம்பை நிமிர்த்த முடியுமா, அல்லது அது விழும் அபாயத்தில் இருக்கிறதா?

மறுமொழி – தச்சன்மகன்

ஷெஃபீல்டுவாசி அவர்களின் மாற்றுக்கருத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. வெயில் எல்லாக் கூம்புகளுக்கும் பொது. பிணைப்பு மட்டுமே கூம்புக்குக் கூம்பு மாறுகிறது. உறுதியாகப் பிணைத்த சட்டகத்தில் ஈயம் என்னதான் விரிந்தாலும் தகடு சுருங்கிக் கிழியுமே தவிர மரம் திரும்பாது. எனவே பிணைப்புக் குறைவு முதன்மை, எடையும் வெயிலும் அதன்மேல் வேலை செய்தவை என்ற வரிசையில்தான் நான் நிற்கிறேன்.

கொள்ளைநோய் 1348-ல் இங்கிலாந்தை அடைந்து, மக்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினரைக் கொன்றது. கூலி ஏறிவிடாமல் தடுக்க 1351-ல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால் கைகளுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று ஊகிக்கலாம். கூம்பு எழுந்தது கொள்ளைநோய் வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே அந்த விளக்கம் பொருத்தமற்றது என்று தள்ள மாட்டேன். ஆனால் நாட்டில் தச்சுக்கலையே அழிந்துவிட்டது என்பதுபோல் எழுதுவதை ஏற்க இயலாது. 1390-களில் ஹியூ ஹெர்லண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு அமைத்த கூரை அந்த நூற்றாண்டின் தச்சுத்திறனுக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. மரக்கூம்புகள் கொள்ளைநோய்க்கு முன்பு கட்டப்பட்டவையும் தோற்றிருக்கின்றன. லிங்கன் பேராலயத்தின் நடுக்கோபுரத்தின் மேல் 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாபெரும் கூம்பு 1548-ல் விழுந்தது.

விழும் அபாயம் பற்றி ஓர் எளிய கணக்கு போதும். மேற்பரப்பில் எடை பரவிய உள்ளீடற்ற கூம்பின் ஈர்ப்புமையம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். உச்சியின் விலகல் 2.9 மீட்டர், சாய்வு சீரானது என்று வைத்துக்கொண்டால் ஈர்ப்புமையத்தின் விலகல் ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அது கீழே உள்ள கோபுரத்தின் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஆபத்து உச்சியில் இருக்கிறது. எடை அங்கே இல்லை.

நிமிர்த்துவது கோட்பாட்டளவில் இயலாத செயல் அன்று. ஆனால் ஆறு நூற்றாண்டுகளாக இந்த வளைவிலேயே இறுகிவிட்ட மூட்டுகளைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியாது; பிரித்தால் பாதி மரத்தை மாற்ற வேண்டிவரும். இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். வழிபாட்டில் உள்ள ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் பெரிய மாற்றம் எதையும் செய்யத் திருமண்டலத்தின் சட்ட அலுவலரான சான்சலரிடம் எழுத்து வடிவிலான அனுமதி பெற வேண்டும். கூம்பை நிமிர்த்தும் விண்ணப்பத்தோடு போகிறவரை, சான்சலருக்கு முன்பே நகர மக்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செய்ய வேண்டியதெல்லாம் ஈயத்தின் இணைப்புகளைக் கவனித்து மழைநீர் மரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான். ஓக் காய்ந்திருக்கும்வரை இந்தச் சட்டகத்துக்கு வேறு பெரிய பகை இல்லை.

மறுமொழி – பழங்கல்

ஒரு சிறு சேர்க்கை. கோபுரத்துக்குள் ஏற வழிகாட்டியோடு அனுமதிக்கிறார்கள். மணிகள் இருக்கும் தளத்தைக் கடந்து கூம்பின் அடிவரை செல்லலாம். தச்சன்மகன் எழுதிய மூலைவிட்டக் கட்டைகளில் எவை பழையவை, எவை பின்னாளில் வலுவூட்டச் சேர்த்தவை என்பதை அங்கே நின்று மரத்தின் நிறத்தையும் செதுக்கலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். படிகள் குறுகலானவை என்பதால் பெரிய பையைக் கீழேயே விட்டுச் செல்லுங்கள்.